கிழக்குத் தெருவில் வாடை இல்லை

கந்தன் முதலாளி புடவையை விரிப்பதற்கு முன்பே முகத்தைச் சுளித்தார். பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்தவர், முந்தானையை மட்டும் இரண்டு விரலால் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, எதிரே நின்ற சம்பூர்ணத்தின் பக்கம் தள்ளினார்.

“இது வேணாம்மா. வாடை வருது.”

சம்பூர்ணத்துக்குக் காது அடைத்துப்போனது. அரக்கு நிறப் பட்டு, உடம்பெல்லாம் ஜரிகைப் புட்டா, ஒரு மாதத்துக்கு மேல் குனிந்த தலை நிமிராமல் நெய்தது. அதில் ஒரு இழை தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், பிறகு ஒத்துக்கொண்டும் இருப்பாள். ஆனால் இந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்குப் போகச் சொன்ன டீச்சர் இதைத்தான் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டை விட்டு எழுந்து போகிறவர்கள் சொல்லாமலே சொல்வார்கள். கிழக்குத் தெருக்காரி கைபட்ட பட்டை இத்தனை வருஷம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் விற்றுத் தின்ற மனிதருக்கு இன்றைக்குத்தான் மூக்கு முளைத்ததாக்கும்.

“எங்க கை பட்டா நாறுதா மொதலாளி? இத்தினி வருசம் நாறலையா? உங்க தெருவுல ஓடுதே சாயத் தண்ணி, அது மட்டும் மணக்குதா?”

கந்தன் சண்டைக்கு நிற்கிற ஆள்தான், ஆனால் அன்றைக்கு நிற்கவில்லை. போன தடவை அவள் நெய்து கொடுத்த முகூர்த்தப் புடவையைப் பெண்வீட்டார் மண்டபத்தில் வைத்துத் திறந்தார்களாம், அறை முழுக்க ஆஸ்பத்திரி மாதிரி வீசியதாம், கல்யாணம் முடிந்த கையோடு கடையில் கொண்டுவந்து விட்டெறிந்தார்களாம், கடைக்காரர் அதை இவர்மேல் விட்டெறிந்தாராம். உன் கையைச் சொல்லவில்லை, மருந்து வாடை, பட்டு அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அந்த வீட்டில் தறி இருக்கிறவரை இனிமேல் நெய்யப் பாவு நூல் கொடுக்க முடியாது என்றார். சம்பூர்ணம் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே பூசி மெழுகுகிறார் என்றுதான் பட்டது. வாசலில் இறங்கி நின்று அவள் போட்ட சத்தத்தில் அந்த வரிசையில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

முசரவாக்கம் தாண்டிப் போகிற பாதையில், மருந்துக் கம்பெனியின் பின்சுவரும் கிழக்குத் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. கம்பெனி மாத்திரை செய்வதில்லை, மாத்திரைக்குள் போகிற தூளைச் செய்கிறது. அந்தத் தூளைத் தெருவில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. நீல டிரம்கள் உள்ளே போகும், வெள்ளை டிரம்கள் வெளியே வரும், நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் உள்ளே ஒப்பந்தக் கூலியாகத் தொட்டி கழுவுகிற அவள் புருஷன் அந்தோணிக்கே தெரியாது. வந்த புதிதில் தெருவே வாந்தி எடுத்தது. மறியல் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடினார்கள். அப்புறம் நாளாக நாளாகக் குறைந்துவிட்டது. கம்பெனி புது மெஷின் வைத்துச் சரிபண்ணிவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள், கம்பெனியும் அதையே சொன்னது. இப்போது கம்பெனி மூன்று மடங்கு பெரிதாகப் போகிறது. ஏரிக்கரைவரை கல் நட்டாகிவிட்டது. அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட நாளும் குறித்திருந்தார்கள்.

சம்பூர்ணம் வீட்டுக்கு வந்ததும் அந்தோணியிடம் உறையை நீட்டி, வாடை வருகிறதா பார் என்றாள். அவன் முகர்ந்துவிட்டுப் பட்டு வாசனைதான் என்றான். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளும் முகர்ந்தாள், ஒன்றும் இல்லை என்றாள். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் முகர்ந்துவிட்டார்கள். இது சாதித் திமிர்தான் என்று தெரு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குக் கந்தனுக்கு விழுந்த வசவை எல்லாம் அவர் கேட்டிருந்தால் ஊரை விட்டே போயிருப்பார். சம்பூர்ணத்துக்கும் அதில் ஒரு ஆறுதல் இருந்தது. பாவு இல்லாமல் மொட்டையாக நின்ற தறியைப் பார்க்கும்போது மட்டும் அந்த ஆறுதல் போதவில்லை.

மகள் ஏஞ்சல் ஏனாத்தூரில் படிக்கிறாள். தினமும் போய் வருகிற தூரம்தான், இருந்தும் ஹாஸ்டலில்தான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று சேர்ந்தவள். எப்போதாவது வந்தாலும் ராத்தங்க மாட்டாள். துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருப்பாள், சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வாள். நாலு எழுத்துப் படித்ததும் பெற்ற வீடு கசந்துவிட்டது என்று சம்பூர்ணம் மனசுக்குள் பொருமியிருக்கிறாள், ஒருமுறை வாய்விட்டே கேட்டும் இருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் வந்து உட்கார்ந்ததும் உறையை அவிழ்த்துப் புடவையை எடுத்து அவள் மடியில் போட்டாள். கந்தன் சொன்னதைச் சொல்லி, நீயே பார்த்துச் சொல்லடி என்றாள். படித்த பெண், முதலாளியைத் தன்னைவிட நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏஞ்சல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“புடவ மட்டும் இல்லமா. வீடே அப்டித்தான் இருக்குது. உன் தலமுடி, அப்பா சட்ட, நீ குடுத்தனுப்புற முறுக்கு கூட. இங்க வந்துட்டுப் போனா என் டிரஸ்ஸ தனி பக்கெட்ல ஊறவெக்கிறேன், ரூம்ல பொண்ணுங்க கேக்குறாங்கன்னு. உங்களுக்குத் தெரிலன்றதே எனக்குத் தெரியாதுமா. தெரிஞ்சேதான் சகிச்சிக்கினு இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

ஏன் சொல்லவில்லை என்று சம்பூர்ணம் கேட்டதற்கு, சொன்னால் மட்டும் அப்பா வேலையை விட்டுவிடுவாரா என்று திருப்பிக் கேட்டாள். ஏஞ்சல் புடவையை மடித்து, உறைக்குள் வைத்து, முதலாளி போட்டதைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மகள் போனதும் சம்பூர்ணம் அடுப்படிக்குப் போனாள். கருவாட்டுச் சட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டாள். பூண்டை நசுக்கி மூக்கில் வைத்தாள். மண்ணெண்ணெய் கேனைத் திறந்தாள். தைலத்தை எடுத்துத் தடவினாள், அது மூக்கைச் சுட்டதே தவிர மணக்கவில்லை. போன மாதம் அடுப்பில் கருவாடு கருகியபோதும் புகையைக் கண்டுதான் தறியிலிருந்து ஓடி வந்தாள். சர்ச்சில் சாம்பிராணியை இப்போதெல்லாம் குறைத்துவிட்டார்கள் என்று ஃபாதரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனி எதையும் சரிபண்ணவில்லை. தெருவின் மூக்கைத்தான் சரிபண்ணியிருக்கிறது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் வந்தது கோபம்தான். கந்தனை அவர் தெருவிலேயே வைத்துக் கிழித்தது வெட்கமாக இருந்தது. அதற்காகப் போய் மன்னிப்புக் கேட்கிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. என்றைக்காவது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய மனிதர், முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

அதைவிடப் பெரிய முள் ஒன்று தைத்தது. கோடையில் சுகாசினி என்று ஒரு பெண் வந்திருந்தாள். கம்பெனி பெரிதாவதற்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து அனுப்பியவள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டாள். வந்ததிலிருந்து கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பாவம், வெயிலில் அலைந்து சளி பிடித்திருக்கிறது என்று சம்பூர்ணம் சுக்கு தட்டிப்போட்டுக் காபி வைத்துக் கொடுத்தாள். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, இங்கே கெட்ட வாடை ஏதாவது வருகிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். கர்ச்சீப்புக்குள்ளிருந்துதான் கேட்டாள். முன்னால் இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை என்று இவளும் மனசறிந்து உண்மையைத்தான் சொன்னாள். அந்தப் பெண் ஒரு கணம் இவளையே பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, அதையே இன்னொரு தடவை போனைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கம்மா என்றும் சொன்னாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தோணி வேலையிலிருந்து வந்ததும், நாளைக்கு எழுந்து பேசப்போகிறேன் என்று சொன்னாள். சூப்பர்வைசர் ஏற்கனவே அவன் காதில் போட்டிருந்தான். அவரவர் வீட்டு வாயை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று.

“வாடை இல்லன்னு உன் வாயால சொன்னதுதானமே. இப்ப மாத்திச் சொன்னா என்னக் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருவாங்க. உன் தறியும் போச்சு, என் வேலையும் போச்சுன்னா ஏஞ்சல எதவெச்சிப் படிக்கவெக்கிறது?”

“உனக்கு மூக்கு இருக்குதாபா?” என்று மட்டும் கேட்டாள் சம்பூர்ணம். அவள் கருவாட்டுச் சட்டியை அவன் எதிரே நகர்த்தி வைத்தாள். அவன் அதைத் திறக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மண்டபத்தில் ஏசிக்காக ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஊதுபத்தியின் புகை தெரிந்தது. மேடைமேல் நீள மேசை, நடுவில் அதிகாரி, இரண்டு பக்கமும் கம்பெனி ஆட்கள். முன்வரிசையில் வெள்ளை வேட்டிக்காரர்கள், பின்வரிசைகளில் கிழக்குத் தெரு. அந்தோணியைக் கம்பெனிச் சட்டை போட்டு நாற்காலி எடுத்துப் போடுகிற வேலைக்கு நிறுத்தியிருந்தார்கள். சுகாசினி திரையில் படம் படமாகக் காட்டினாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. அப்புறம் திரையில் சுவர் உயரத்துக்கு சம்பூர்ணத்தின் முகம் வந்து சிரித்தது.

“முன்ன இருந்துச்சுமா. இப்ப கிழக்குத் தெருவுல ஒரு வாடையும் இல்ல.”

கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள். தெருக்காரர்களும் தட்டினார்கள், நம் ஆள் திரையில் வந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில். தில்லையம்மாள் பெருமையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். சம்பூர்ணம் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நடுவழியில் அந்தோணி நின்றிருந்தான். அவளைத் தடுக்கக் கையை நீட்டினான். என்ன நினைத்தானோ, அந்தக் கையால் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

மேடையில் ஏறி உறையை அவிழ்க்கப் பார்த்தாள். ஏஞ்சல் போட்ட முடிச்சு விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். புடவையை உதறி மேசைமேல், தண்ணீர் பாட்டில்களுக்கும் காகிதங்களுக்கும் மேலாக, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரித்துப் போட்டாள். பேச முறை வரும்போதுதான் பேச வேண்டும் என்று ஒருவன் ஓடி வந்தான். அவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என் மூக்கு போயிடுச்சு சார். அந்தப் பொண்ணு கேட்டப்ப அது போனதே எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணுக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் மூக்கு இருக்குதுல்ல, நீங்க சொல்லுங்க. இதுல இன்னா வாடை வருது?”

சம்பூர்ணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இனிமேல் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் அவள் வாடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுகாசினியின் கை கர்ச்சீப்போடு பாதிவரை எழும்பி, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கீழே இறங்கியது. கம்பெனி மேனேஜர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். அதிகாரி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. எச்சிலை விழுங்கினார். பிறகு முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பின்னால் நின்ற ஆளிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறப்பா.”

எதிரே மைக் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆள் போய் ஜன்னல் கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தான். பின்வரிசைகளில் கிழக்குத் தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தில்லையம்மாள் சேலைத் தலைப்பைத் தூக்கி மூக்கில் வைத்தாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார். கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, தூங்குகிற பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மெல்ல மூச்சை உள்ளே இழுத்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து, இன்னும் அழுத்தி வைத்து இழுத்தாள்.