இருபத்து நான்காவது கட்டம்

1994-இல், பிரேசர் டவுன் ஆய்வகம் ஒன்றில் சந்தானத்தின் வேலை நிரந்தரமாக ஒரே ஒரு பரீட்சை பாக்கியிருந்தது. தேறாவிட்டால் பஸ் ஏறிப் போய், பழைய சந்தாபுரா போட்டோ ஸ்டுடியோவில் மறுபடியும் படம் கழுவ வேண்டியதுதான்.

அவன் ரத்தத்திலிருந்தே எடுத்துப் பெரிதாக்கிய குரோமோசோம் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து, படிவத்தின் இருபத்து மூன்று கட்டங்களில் ஒட்ட வேண்டும். கடைசி ஜோடி மட்டும் ஆண்களுக்கு ஏறுமாறாக இருக்கும் என்று தலைமை டெக்னீஷியன் டோரீன் மேடம் சொல்லியிருந்தார்.

சந்தானம் லீவு லெட்டருக்கே 'பொருள்' போட்டு அடிக்கோடு இழுக்கிறவன். ஒவ்வொரு வெட்டையும் எண் போட்டு எழுதிக்கொண்டே கத்தரித்தான். நீளமான ஒன்றின் இடுப்பில் ஒரு குட்டி குரோமோசோம் குறுக்கே விழுந்து கிடந்தது. குட்டிக்கு இருபுறமும் ஒவ்வொன்று, மொத்தம் மூன்று என்று தீர்மானித்து மூன்றாக வெட்டினான். நீளத்தின் இரு துண்டுகளுக்கும் ஜோடி கிடைக்கவில்லை. அதே நீளத்தில் இன்னொன்று முழுசாகக் கிடந்தது. இதுவும் ஒட்டிக்கொண்ட இரண்டுதான் போலும் என்று அதையும் வெட்டினான். துண்டுகள் நான்கும் அச்சு அசலாகப் பொருந்தின. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஒரு ஜோடி மிஞ்சியது. உடனே கடிதம் எழுதினான். 'பொருள்: படிவத்தில் ஒரு கட்டம் குறைவாக அச்சிடப்பட்டது தொடர்பாக.'

டோரீன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது யார் ரத்தம் பா?"

"என்னோடதுதான் மேடம்."

"இருபத்து நாலு ஜோடி சிம்பன்சிக்குத்தான் இருக்கும்."

எந்தக் காலத்திலோ ஒரு மூதாதைக்கு இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி ஒன்றானதையும், அதுதான் மனிதனின் இரண்டாம் நம்பர் என்பதையும் விளக்கினார். பல லட்சம் வருஷத்து ஒட்டைச் சந்தானம் காலை டீக்கு முன்பே பிரித்திருந்தான்.

சந்தாபுரா பஸ் அவன் கண்முன் வந்து நின்றது. டோரீனோ வெட்டுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'வெட்டு 9: சந்தேகத்தின் பேரில்.'

"மத்தவங்கன்னா மிச்சத் துண்டைக் குப்பையில போட்டிருப்பாங்க. நீ தப்பைக்கூட ஃபைல் பண்ணியிருக்க. வேற பிரிண்ட் எடு, போ."

மதியத்துக்குள் இருபத்து மூன்றும் சரியாக அமைந்தன. கையெழுத்தும் விழுந்தது. பழைய தாளை மட்டும், புதிதாக வருகிறவர்கள் பார்த்துத் திருந்தட்டும் என்று, அவன் பெயரோடு சுவரில் குத்திவைத்தார்கள்.

சாயங்காலம் மனைவி சரசுவிடம் ஒன்று விடாமல் சொன்னான்.

"வேலை பர்மனென்ட் ஆயிடுச்சில்ல, விடுங்க," என்றாள் அவள். "மத்தது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். நீங்கதான் ரத்தம் குடுத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு."

சுவரிலிருந்து தாளை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தான். 'பொருள்: என்னை மனிதனாகக் கருதக் கோருதல்.' வாசித்துப் பார்த்தான். அடிக்கோடு மட்டும் நேராக விழுந்திருந்தது.