முதலில் மெயினை அணை

பாக்தாதின் ஸைதிய்யா பகுதியில் புது இயந்திரம் எதையும் ஜெனரேட்டர் மின்சாரத்தில் முதல்முறை ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். தெருமுனை ஜெனரேட்டர்காரர் கம்பி வழியே அனுப்புவது விளக்குக்கும் ஏர் கூலருக்கும் போதும். புதுப்பெண்ணை வீட்டுக்குள் அழைக்க அது போதாது. ஆகவே இப்திஹால் தன் கையாலேயே பூட்டி முடித்த கம்ப்யூட்டரின் முன்னால், அரசு மின்சாரம் வரட்டும் என்று ஒரு மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு வந்தது. வந்த கையோடு பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. பெட்டி பெட்டியாகவே இருந்தது.

அன்று வியாழக்கிழமை. வடக்கே எர்பில் நகரில் உள்ள கட்டட நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுத் தரும் வேலைக்கு அவளைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. மாதிரிக்கு ஒரு மூன்று மாடி வீட்டின் வரைபடத்தை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். முக்கால்வாசி முடிந்திருந்தபோது பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் புதிய பெட்டியில் பொருத்தியிருந்தாள். முடிந்த முக்கால்வாசி வரைபடமும், பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

அவள் பதறவில்லை. பின்பக்கச் சுவிட்ச் சரியாக இருந்தது. மதர்போர்டுக்குப் போகும் பெரிய கம்பிக்கட்டும் சின்ன கம்பிக்கட்டும் இறுக்கமாகவே இருந்தன. அடுத்ததாக, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மேசை விளக்கைச் செருகிப் பார்க்கலாம் என்று எழுந்தாள். அந்தப் பெட்டியின் சிவப்பு விளக்கு செத்து இரண்டு வருஷமாகிறது. அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குள் அவள் கணவன் ஹைதம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டான். தன் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டான்.

இரண்டு சந்து தள்ளி வசிக்கும் இன்ஜினியர் ஷாமில் (மூத்த மகன் யஸனின் பெயரால் வீட்டில் அபு யஸன்) ஐந்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தார். கையில் தோல் உறை போட்ட திருப்புளி, காதில் பென்சில். இருபத்திரண்டு வருஷம் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்ற கோப்பைப் பாதுகாத்தவர். கம்பிகளைப் பார்த்ததில்லை, கோப்பைப் பார்த்திருக்கிறார். குடும்பத்தில் பல்வலி தவிர மற்ற எல்லாக் கோளாறுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பல்வலிக்கும் ஒரு தடவை கூப்பிட்டதாகப் பேச்சு உண்டு.

வாசலிலிருந்து நேரே தாழ்வாரத்துக்குப் போய் வீட்டின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். கூலர் முனகி நின்றது.

"முதல்ல மெயினை அணை. அப்புறம்தான் மத்ததெல்லாம். இது தெரியாமதான் ஊர்ல பாதிப் பேர் செத்தான்" என்றார்.

எந்த ஊரில், எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை.

இப்திஹால் மேசை விளக்கைப் பற்றிச் சொன்னாள். இன்ஜினியர் சிரித்தார். மெயினைப் போட்டதும் கூரை விளக்கு எரிகிறதா இல்லையா, எரிந்தால் வீட்டில் மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தமா இல்லையா என்று நிதானமாக விளக்கினார். ஹைதம் வாயைத் திறந்தான்: "அண்ணே, அந்த ஒயர் விஷயமா ஒண்ணு..."

"ஹைதம், நீ துணிக்கடைக்காரன். துணிய வெட்டு. இத நான் பாத்துக்கறேன்."

ஹைதம் ஓரமாக நகர்ந்து நின்றான்.

அதன்பின் இரண்டரை மணி நேரம் ஒரே சடங்கு நடந்தது. மெயினை அணைப்பார். திருப்புளியால் எதையாவது கழற்றுவார், ஊதுவார், திரும்ப மாட்டுவார். மெயினைப் போடுவார். அவர் உட்பட மூன்று பேரும் மூச்சைப் பிடித்திருக்க, பொத்தானை அழுத்துவார். நாலு நிமிடம், ஐந்து நிமிடம் முறைத்துப் பார்ப்பார். "ம்ஹும்" என்பார். மறுபடி மெயின் இறங்கும். இப்திஹால் முன்பே சரிபார்த்துவிட்ட ஒவ்வொன்றையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தார். மெமரிப் பட்டைகளை மூன்று தடவை இடம் மாற்றினார். நடுவில் ஹைதம் இன்னொரு தடவை "அண்ணே" என்று ஆரம்பித்தான். வியர்வை துடைக்கத் துண்டு கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டரை மணிக்குத் தீர்ப்பு வந்தது. மதர்போர்டு எரிந்துவிட்டதாம். வாசனை வருகிறதாம். அது சமையலறையில் டோல்மா அடிப்பிடிக்கும் வாசனை என்பது இப்திஹாலுக்குத் தெரியும். ஆனாலும் ப்ராசசரைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துவிடலாம் என்று இன்ஜினியர் திருப்புளியை உறையிலிருந்து மீண்டும் உருவினார். ப்ராசசரின் அடியில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒன்று வளைந்தாலும் எர்பிலை மறந்துவிட வேண்டியதுதான்.

விருந்தாளியைக் கையைப் பிடித்துத் தடுக்க முடியாது. ஆனால் சோறு போட்டுத் தடுக்கலாம்.

"அபு யஸன், மணி என்ன ஆச்சு பாருங்க. நீங்க பசியோட வேலை பார்த்தீங்கன்னு வெளிய தெரிஞ்சா எங்க ரெண்டு பேர் மானமும் போயிடும். மெயினைப் போடுங்க, கூலர் ஓடட்டும். சாப்பிட்டுட்டுக் கழட்டலாம்."

இன்ஜினியர் ப்ராசசரைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். விஞ்ஞானம் கொஞ்சம் பொறுக்கும் என்று முடிவு செய்து மெயினை மேலே தள்ளினார்.

அரிசியும் கறியும் வைத்துத் திராட்சை இலையிலும் வெங்காய மடலிலும் சுருட்டிய டோல்மாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். இன்ஜினியர் முக்கால் மணி நேரம் சாப்பிட்டார். அந்த நாளில் அவர் குறையின்றிச் செய்த வேலை அதுதான். தேநீர் கொண்டுவர எழுந்த இப்திஹால், போகிற வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டிக்குள், மதர்போர்டின் ஓரத்தில், அரிசியளவு பச்சை வெளிச்சம்.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை விழித்துக்கொண்டது.

அவள் சந்தோஷப்படுவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்துக்குப் போய், பிரிட்ஜுக்குப் பின்னால் முடிந்தது. அங்கே சுவரில் கைமுஷ்டி அளவில் ஒரு வெள்ளைப் பிளக். மேலே பச்சை விளக்கு, பக்கத்தில் ஒரு திருகு. ஹைதமைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"இது என்ன?"

"பிரிட்ஜுக்குப் போடற காவல் பிளக். நேத்து நீ தூங்கினப்புறம் போட்டேன். பிரிட்ஜ் மோட்டார் எரிஞ்சதுலேர்ந்து எனக்குப் பயம். உன் மெஷினுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுல்ல."

"சரி, இந்தத் திருகு எதுக்குப் பத்துல நிக்குது?"

"மூணுல இருந்துச்சு. இவ்ளோ பெரிய சாமானுக்கு மூணு எப்படிக் காணும்? முழுசாத் திருப்பி வச்சேன்."

"அது பலம் இல்ல, ஹைதம். நிமிஷம். கரண்ட் வந்தா பத்து நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள விடும்."

ஹைதம் திருகைப் பார்த்தான், மெயின் சுவிட்சைப் பார்த்தான், சாப்பாட்டு அறையைப் பார்த்தான். இன்ஜினியர் வந்ததிலிருந்து சாப்பிட உட்காரும் வரை அந்த மெயின் ஒரு தடவைகூடப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் மேலே நிற்கவில்லை என்பது அவன் முகத்தில் மெதுவாக ஏறியது.

"இதச் சொல்லத்தான் ரெண்டு தடவ வாயத் திறந்தேன்" என்றான்.

அதற்குள் இன்ஜினியர் கை துடைத்தபடி அறைக்குள் வந்து, சுற்றும் விசிறியைக் கண்டார். ஒரு கணம் திகைத்தார், மறுகணமே தேறிவிட்டார்.

"மெமரியக் கடைசியா அழுத்தினப்பவே எனக்குத் தெரியும். சூடு ஆறினதும் புடிச்சுக்கும்னு" என்றார். பிறகு திருப்புளியை எடுத்தார். "மூடிய மாட்டிடுவோம். ஹைதம், முதல்ல மெயினை..."

மணி மூன்றரை தாண்டியிருந்தது. திரையில் அந்த மூன்று மாடி வீடு திறந்திருந்தது. காவல் பிளக்கைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் காவல் பிளக் என்றால் என்ன என்று அவர் அவளுக்கே அரை மணி நேரம் விளக்குவார். இப்திஹால் வேறு வழியைப் பிடித்தாள்.

"வேண்டாம் அபு யஸன். நீங்க உயிர் கொடுத்து எழுப்பின உடம்பு. இன்னைக்கே தையல் போட வேண்டாம், காத்தாடட்டும்."

இன்ஜினியர் யோசித்தார். 'உயிர் கொடுத்து' என்ற சொல் உள்ளே இறங்கி வேலை செய்தது. "அதுவும் நியாயந்தான்" என்று திருப்புளியை உறையில் போட்டார். அவர் வீட்டாருக்கு ஒரு பாத்திரம் டோல்மா கட்டிக் கொடுத்தாள். அவர் வாசலைத் தாண்டும் வரை ஹைதம் மெயின் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து, எல்லைக் காவலன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

படிக்கட்டின் அளவுகளும் மூன்றாம் மாடிக் கதவுகளும் பாக்கி. நாலு நாற்பத்தொன்றுக்கு வரைபடம் எர்பிலுக்குப் போனது. நாலு நாற்பத்தாறுக்குப் பதில் வந்தது: கிடைத்தது, வார விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம்.

நாலு ஐம்பதுக்கு அரசு மின்சாரம் போய், தெருமுனை ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. கூலர் ஓடியது, விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஹைதம் திருகைக் குறைக்கத் தாழ்வாரத்துக்கு ஓடினான். இப்திஹால் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. இன்ஜினியர் ஷாமில்.

"என்ன தங்கச்சி, ஓடுதா?"

இருண்ட திரையைப் பார்த்தபடி ஒரு வாய் குடித்தாள்.

"வேலைய முடிச்சுக் குடுத்துட்டு ஓய்வெடுக்குது, அபு யஸன்" என்றாள்.