நடுவுல இல்லாத புள்ளி

கோமதிநாயகம்னா தாராவி தொண்ணூறடி ரோட்டுல தெரியாத ஆளு கிடையாது. பன்னிரண்டு வருஷமா பிசிக்ஸ் ட்யூஷன் நடத்துதேன். முன்கோவக்காரன், ஒத்துக்கிடுதேன். ஆனா போன மே மாசம் நான் பண்ணின காரியத்துக்குக் கோவத்து மேல பழியைப் போட முடியாது.

கிளாஸ் நடக்குற மாடி ரூம்ல ஃபார்முலா பூராவும் சுவத்துல ஆயில் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன். பிள்ளைக நோட்டைத் தொலைக்கும், சுவத்தை எங்க போய்த் தொலைக்க? ஆரம்பத்துல பெயிண்டரை வச்சு எழுதினப்ப ஜன்னல் பக்கம் இடம் பத்தல. ‘ஒரே குறி உள்ள ரெண்டு சார்ஜ் இருந்தா, விசை சமமாகுற இடம் நடுவுல’ன்னு வரணும். முதல் மூணு வார்த்தையை விட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன். அதை வாயால சொல்லிக்கிடலாம்னு நெனப்பு. ரெண்டு வருஷம் சொன்னேன். பொறவு எனக்கே மறந்து, சுவத்துல உள்ளதுதான் சட்டம்னு ஆயிட்டு.

ஜெபசெல்வி என் ட்யூஷன்ல நாலு வருஷமா பாடம் நடத்தினவ. செம்பூர்ல எம்.எஸ்ஸி. படிச்சவ. மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு அஞ்சு நாள் இருக்கும்போது போர்டுல ஒரு கணக்கு போட்டா. ஒரு பக்கம் பிளஸ் நாலு, பத்து சென்டிமீட்டர் தள்ளி மைனஸ் ஒண்ணு. மூணாவதா ஒரு சின்ன பிளஸ்ஸை எங்க வச்சா எந்தப் பக்கமும் இழுபடாம நிக்கும்? செல்வி கோட்டை மைனஸுக்கு அந்தப் பக்கம் நீட்டி, இன்னும் பத்து சென்டிமீட்டர் தள்ளி வெளியே புள்ளி வச்சா.

வாசல்ல நின்னு பார்த்த எனக்குச் சுருக்குன்னு கோவம் ஏறிட்டு. சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். அவ நிதானமாத்தான் சொன்னா. நடுவுல வச்சா பெரிசு தள்ளும், சின்னது அதே பக்கம் இழுக்கும், ரெண்டும் சேர்ந்து கொண்டுபோயிரும், நிக்காது அண்ணாச்சின்னா. முப்பது பிள்ளைக முன்னால எனக்கே பாடமா? டஸ்டரை வாங்கி அழிச்சேன். நடுவுல புள்ளியை வச்சு, இதை மட்டும் எழுதுங்க, வேற எதையும் மண்டையில ஏத்தாதீங்கன்னேன். செல்வி சாக்பீஸை மேசையில வச்சுட்டுத் தள்ளி நின்னா.

அன்னைக்குச் சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே ஒரு தாள்ல போட்டுப் பார்த்தேன். ரெண்டு வரிக் கணக்கு. செல்வி சொன்னதுதான் சரி.

அஞ்சு நாள் இருந்துச்சு. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாப் போதும். அடிச்சேன், அழிச்சேன். திரும்ப அடிச்சேன். பன்னிரண்டு வருஷம் சுவத்துல தப்பை எழுதி வச்சவன்னு பேராயிருமேன்னு போனை மூடி வச்சுட்டேன். ஆயிரம் கணக்கு இருக்கு, இதுவா வரப்போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

வந்துட்டு. பரீட்சையில, ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ்னு குறி மாறின அதே கணக்கு. சண்முகவடிவுன்னு ஒரு பிள்ளை, படிப்புல புலி. நடுவுலன்னு போட்டதுல, வரவேண்டிய நாலும் தப்புக்குக் கழிக்கிற ஒண்ணுமா அஞ்சு மார்க் போச்சு. மூணு மார்க்ல சீட் போச்சு. தோல் பட்டறையில பை தைக்கிற அவ அம்மா மாடத்தி, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனா. நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க, இவ தலையெழுத்துன்னா. வடிவு தரையைப் பார்த்துக்கிட்டே நின்னா. அண்ணாச்சி சொன்னபடிதான் போட்டேன்னு அது வீட்டுல சொல்லவே இல்ல.

அந்த வாரமே செல்வி வேலையை விட்டுட்டா. பிள்ளைக முன்னால அவமானப்படுத்தினதுல ரோஷம்னு நெனச்சேன். மூணு மாசம் போன பொறவு மனசு கேக்காம, குர்லா போய் வண்டி மாறி, அவளைத் தேடி நவி மும்பையில உள்ள நெருளுக்குப் போனேன். அக்கா வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு மெடிக்கல் ஸ்டோர்ல வேலை பார்க்கா. மத்தியான நேரம், கடையில கூட்டம் இல்ல. பாடம் நடத்துறதையே விட்டுட்டேன்னு சொன்னா.

நான் மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி, அன்னைக்குச் சாயங்காலமே போட்டுப் பார்த்துட்டேன், பிள்ளைக முன்னால உன்னை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ, திரும்பி வந்துருன்னு கேட்டேன்.

செல்வி கையில இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வச்சா.

“வடிவு வீடு தாராவியில எங்க வீட்டுல இருந்து ரெண்டு சந்துதான் அண்ணாச்சி. போய்ச் சொல்லியிருக்கலாம். நீங்க தெரியாமச் சொல்லிட்டீங்க, பிள்ளைக முன்னால உங்க பேரு கெட்டுருமேன்னு பேசாம இருந்துட்டேன். விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தானே, அந்தப் பிள்ளையை நான்தானே கெடுத்தேன்னு சாக்பீஸைத் தொடவே கை கூசிப்போச்சு.” என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டா: “அப்ப, பரீட்சைக்கு முன்னாலயே உங்களுக்கும் தெரிஞ்சிருக்கா?”

ஆமான்னு தலையை ஆட்டினேன். அப்ப ஒரு ஆளு மருந்துச் சீட்டை நீட்டிக்கிட்டு வந்தாரு. அவ அதை வாங்கிக்கிட்டு உள்ளே போயி, மருந்தைத் தேட ஆரம்பிச்சா. அதை அவர் கையில கொடுத்துட்டு மறுபடியும் உள்ளே போயிட்டா. அந்த ஆளு போனதுக்கு அப்புறமும் நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். அவ வெளியே வரல.