அரையும் மூண்டில ஒண்டும்

தயாபரன் அந்தத் தாளை மேசையில அடிச்ச அடியில கரும்பலகையில எழுதிற வெண்கட்டிப் பெட்டி கவிண்டு, வெண்கட்டியெல்லாம் நிலத்தில உருண்டுது. தாட்சாயினி ரீச்சர் குனிஞ்சு பொறுக்கேல்லை. பொறுக்கிறதெண்டால் அந்தாளின்ர காலடியில எல்லோ குனிய வேணும்.

"இதை ஆர் திருத்தினது?"

"பிள்ளையள் மாறி மாறித் திருத்துறவை, அண்ணை. பிறகு நானும் பாக்கிறனான்."

"ஆர் எண்டு கேட்டனான்."

ரீச்சர் சொல்லத் தேவையில்லை, தாளின்ர அடியில பேர் கிடக்குது. பிரஷாந்தினி.

இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயுற அந்த ஊரில தயாபரன் லேசுப்பட்ட ஆளில்லை. வயல் செய்யிறவையின்ர கமக்கார அமைப்புக்குத் தலைவர், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கும் செயலாளர். பிரஷாந்தினியின்ர ஆக்கள் எழுபத்தேழுக் கலவரத்தில மலையகத்தில இருந்து கையில அம்பிட்டதோட ஓடிவந்த சனம். வந்து மூண்டு தலைமுறையாச்சு, இன்னும் வாய்க்கால் முடியிற இடத்தில காணி உறுதிப் பத்திரமில்லாத துண்டு நிலத்திலதான் கொட்டில். அவளின்ர தாய் புல்லுப் பிடுங்கிறது, நெல்லு அருவி வெட்டுறது எல்லாம் இதே தயாபரனின்ர வயலிலதான். ரீச்சருக்கு இதெல்லாம் தெரியாததில்லை. தெரிஞ்சுகொண்டுதான் அவரின்ர மகன் செந்தூரன்ர தாளை அவளின்ர கையில குடுத்தவா.

ஆண்டு ஏழுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்த புதுசில ரீச்சரும் எல்லாரையும் போல சிவப்புப் பேனையால புள்ளி போட்டுக்கொண்டுதான் இருந்தவா. பிள்ளையள் புள்ளியைப் பாக்குங்கள், ஒண்டு சிரிக்கும், ஒண்டு மூக்கை உறிஞ்சும், தாளை மடிச்சு பைக்குள்ள தள்ளிப்போட்டு விளையாட ஓடுங்கள். எங்கை பிழைச்சுதெண்டு ஒரு பிள்ளை திரும்பிப் பாக்கவேணுமே? அந்த விசரிலதான் புள்ளியை நிப்பாட்டினா. ஒருத்தர் செய்த கணக்கை இன்னொருத்தர் பாக்கவேணும். பிழை கண்டால் வெட்டப்படாது, விடையும் சொல்லப்படாது. ஒரு கேள்வி எழுதவேணும். கணக்குச் செய்தவர் அந்தக் கேள்விக்கு மறுமொழி எழுதினால்தான் கணக்கு முடிஞ்சது.

பிரஷாந்தினி அதுவரைக்கும் பேர் கூப்பிட்டால் எழும்பி நிலத்தைப் பாக்கிற பிள்ளை. பாதி நாள் பள்ளிக்கூடமே வராது. மற்றவையின்ர தாள் கைக்கு வரத் தொடங்கினாப் பிறகு பாருங்கோ, வாங்கில நுனிக்கு வந்திட்டுது. ஒருநாளும் பள்ளிக்கூடம் தவறேல்லை. "ரீச்சர், இவன் இதை எப்பிடி யோசிச்சவன் எண்டு கேக்கலாமோ?" எண்டு அது வாய் திறந்து கேட்ட அண்டைக்கு, ரீச்சர் வீட்டை போய் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்து அப்பிடியே குடிச்சா.

செந்தூரன் அரையையும் மூண்டில ஒண்டையும் கூட்டி அஞ்சில ரெண்டெண்டு போட்டிருந்தான். மேலையோட மேல், கீழையோட கீழ், கூட்டியாச்சு. அதுக்குக் கீழ இவள் குண்டு குண்டா எழுதியிருந்தாள்: "அரை ஏக்கரோட இன்னும் கொஞ்சக் காணி சேர்த்தால் கூடத்தானே வேணும்? உன்ர காணி ஏன் அரை ஏக்கரிலும் குறைஞ்சு போச்சு?"

தயாபரன் அதை விரலால குத்திக் காட்டினார். "காணியில்லாததுகள் எங்களுக்குக் காணிக் கணக்குச் சொல்லித் தருதுகள். நல்லா இருக்கு ரீச்சர், உங்கட படிப்பு."

"கேள்வி சரியான கேள்வி, அண்ணை. செந்தூரன் அதுக்கு மறுமொழி எழுதத்தான் தாளை வீட்டை கொண்டு போனவன்."

"சரி பிழையை நீங்கள் போடுங்கோ. அதுக்குத்தானே சம்பளம். புதன்கிழமை நான் வந்து பின்னால இருப்பன். அவள் என்ர பெடியன்ர தாளைத் தொட்டால், தாய் என்ர வயலைத் தொடத் தேவையில்லை."

அதிபர் நல்லதம்பி சேர் கந்தோருக்குள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டவர்தான். ஆள் போனாப் பிறகுதான் வெளியில வந்தார். "பிள்ளை, கொஞ்ச நாளைக்கு நீரே திருத்தும். என்ன குறைஞ்சு போகுது?"

பின்னேரம் பள்ளிக்கூடப் படலையடியில பிரஷாந்தினியின்ர தாய் நிண்டா. காலில வயல்சேறு காயேல்லை. ஊர் முழுக்கக் கதை பரவியிட்டுது போல.

"டீச்சர், எம் புள்ளைக்கு அந்தத் திருத்துற வேல வேணாங்க. படிக்கட்டும். யாரையும் தப்புன்னு சொல்ல வேணாம்."

"அவள் பிழை சொல்லேல்லை அம்மா, கேள்விதான் கேக்கிறாள்."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

நிப்பாட்டினால் பிள்ளை பழையபடி நிலத்தைப் பாக்கப் போகுது. நிப்பாட்டாட்டில் அடுப்பில உலை ஏறாது. யோசிச்சு யோசிச்சு ரீச்சர் ஒரு வழி கண்டா. தாளுகளை மாத்திக் குடுப்பம். செந்தூரன்ர தாள் யதுர்ஷிகாவுக்கு, நிரோஜன்ர தாள் பிரஷாந்தினிக்கு. ஒருத்தருக்கும் நோகாது. கெட்டித்தனமான வேலை எண்டுதான் அவாவும் நினைச்சா.

புதன்கிழமை தயாபரன் சொன்னபடி வந்து கடைசிக் கதிரையில காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு இருந்தார். தாள் மாறிச்சுது. பென்சில் எல்லாம் கிறுகிறெண்டு ஓடி, வழமையில இல்லாத கெதியில நிண்டுது.

"எனக்கு முழுக்கச் சரியாம்!" நிரோஜன் துள்ளினான். "ரீச்சர், என்னாலயே நம்பேலாமல் கிடக்கு!" நாலைஞ்சு பேர் சிரிக்க வெளிக்கிட்டுப் பின்னால பாத்திட்டு அடங்கினதுகள்.

ரீச்சர் போய்ப் பாத்தா. மூண்டில ரெண்டோட காலைக் கூட்டி ஏழில மூண்டெண்டு போட்டிருக்கிறான் அவன். அதுக்கும் ஒரு சரி. எல்லாத்துக்கும் சரி. ஒரு கேள்விகூட இல்லை.

"வடிவாப் பாத்தனியே, பிரஷாந்தினி?"

"ஓம் ரீச்சர்."

"எல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி, ரீச்சர்." பிள்ளை நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் சொன்னது.

இதைத் தயாபரன் செய்யேல்லை, தாளை மாத்தினது தான்தானே எண்டு ரீச்சருக்குப் பட்டுது.

அந்த நேரம் செந்தூரன் எழும்பினான். யதுர்ஷிகா பாத்த தாள் அவன்ர கையில. அதிலயும் மேலயிருந்து கீழ மட்டும் சரி. தகப்பன் இருக்கேக்க அவனுக்கு எதிரா ஆர் எழுதுவினம்?

"நாலாவது கணக்கு எனக்கே பிழை போல கிடக்கு. ஏன் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை?" ஆரைக் கேட்டானோ தெரியாது. முகம் சிவந்து போச்சு. விறுவிறெண்டு நடந்து போய்த் தாளை பிரஷாந்தினிக்கு முன்னால வைச்சான்.

"செந்தூரன், போய் இரு." பின்னால இருந்து குரல்.

அவன் இருக்கேல்லை. "பார்."

"வேண்டாம்." அவள் இன்னும் குனிஞ்சாள்.

"பாரடி. போனமுறை நீ கேட்டதுக்கு ரெண்டு நாள் இருந்து யோசிச்சனான் தெரியுமே? கடதாசியில காணி கீறி வெட்டியெல்லாம் பாத்தனான். இதையும் கேள், நான் மறுமொழி எழுதுறன்."

கதிரை நிலத்தில உரசின சத்தம் கேட்டுது. தயாபரன் எழும்பியிட்டார். வகுப்பு முழுக்க ரீச்சரைப் பாத்துது. அதிபரைக் கூப்பிடலாம். செந்தூரனை இருக்கச் சொல்லலாம். இப்பவும் பிந்தேல்லை, தாளைத் தானே வாங்கிச் சிவப்புப் பேனையால ஒரு கோடு போட்டால் பிரச்சினை முடிஞ்சுது.

தாட்சாயினி ரீச்சர் வாங்கு வரிசைக்கு நடுவில இறங்கி நடந்தா. கதிரைக்கும் பிள்ளைக்கும் இடையில போய், தயாபரனுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டா.

பிரஷாந்தினி தலையை நிமித்தி ரீச்சரைப் பாத்தாள். பிறகு தாளைப் பாத்தாள். பென்சில் மெல்ல நாலாவது கணக்கடிக்குப் போச்சுது. கூர் அழுந்தி ஒரு கறுத்தப் புள்ளி விழுந்து, அதில இருந்து ஒரு சொல் இழுபட்டு வந்துது. 'ஏன்'.

பின்னால செருப்புச் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்துது. அவள் அடுத்த சொல்லை எழுதத் தொடங்கினாள்.