குழி இருந்தவரை

நகராட்சி ஒப்பந்தக்காரர் எனக்குத் தர வேண்டிய கூலி நாலாயிரத்து இருநூற்று அறுபது. ஒரு முட்டுத்தெருவின் வாயில் குறுக்காக இடுப்பளவு பள்ளம் தோண்டியதற்கு. குழாய் பதிக்க வேண்டும் என்றார்கள், தோண்டினேன். குழாய் வரவில்லை. கூலி கேட்டால் வாய் கூசாமல் சொல்வார்:

"பள்ளத்த மூடினாத்தான்யா பில்லு பாஸாகும். எனக்கு வந்தாத்தான் உனக்கு."

"அப்ப மூடிரட்டுமா?"

"குழாய் வராம மூடுவியா? மூளை இருக்கா உனக்கு?"

இரண்டு மாத வாடகை நின்றுவிட்டது. வீட்டுக்காரர் முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார், பிறகு சிரிக்காமல் கேட்டார், இப்போது பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அதனால் சாயங்காலமானால் குழாய் வந்துவிட்டதா என்று பார்க்க அந்தத் தெருவுக்கே போய் நிற்பது என் வேலையாயிற்று.

அந்தத் தெரு முன்பு எப்படி இருந்தது என்பதைத் தோண்டும்போதே பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் கார், நடுவில் பைக். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அங்கே ஒரு விற்பனை மேலாளர் இருந்தார். பேச வேண்டியதையெல்லாம் கார் ஹாரனிலேயே பேசுவார். மனைவியைக் கூப்பிடுவதும் அதில்தான், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை ஏசுவதும் அதில்தான். தெருவே அவருக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்திருந்தது.

பள்ளம் விழுந்ததும் வண்டிகளெல்லாம் பெரிய சாலையிலேயே நின்றன. ஹாரனும் நடந்து வர வேண்டியதாயிற்று. நடக்கிற மனுஷன் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பான்? ஒருநாள் தையல்காரம்மாவைப் பார்த்து, "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா திடுக்கிட்டு விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். தெரு சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் நாற்காலியை வெளியே போட்டார். இன்னொருவர் மேசையைத் தூக்கி வந்தார். பிறகு ஆளுக்கொரு பாத்திரத்தோடு வர ஆரம்பித்தார்கள். பழைய சண்டைகளையெல்லாம் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார்கள். குழாயைத் தேடி நான் போனால், "குழிக்காரண்ணே, உக்காருங்க" என்று தட்டை நீட்டுவார்கள். கூலி வராவிட்டாலும் சோறு வந்தது.

இதே சமயத்தில் நகராட்சிக்கு ஒரு கவலை வந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் பேசுவதில்லையாம். கவலைக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு அதிகாரி, அதிகாரிக்கு ஒரு ஜீப். திட்டத்தின் பேர் 'தெருக்கூடல்'. தெருவில் விருந்து வைக்க நினைப்பவர்கள் மனு கொடுக்க வேண்டும். மனுவில் தெருவிலுள்ள எல்லா வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, பேசாதவனிடம் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் அவனோடு பேச அனுமதி. வண்டிகளை மறிக்கும் கட்டைக்கு வாடகை தனி. சத்தமாகச் சிரித்தால் யார் பொறுப்பு என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. ஊர் முழுக்க ஒரு மனுகூட வரவில்லை.

மனு வரவில்லை என்றதும் பலகை வந்தது. கனத்த சட்டம் அடித்த பலகை. அதில் நகராட்சித் தலைவர் கைகூப்பிச் சிரித்தார். நாற்பது வயதுக்கு மேல் படித்த எழுத்து என்னுடையது, அவசரப்படுத்தினால் ஓடிவிடும். கூட்டிக் கூட்டிப் படித்தேன்: 'வாருங்கள், அண்டை வீட்டாரை அறிவோம்.' நட்டு வைக்க ஆள் இல்லாமல் பள்ளத்தோரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வயசானவர்கள் பள்ளத்தைத் தாண்டத் தடுமாறினார்கள். பலகையை எடுத்துப் பாலமாகப் போட்டேன். எனக்கும் மரியாதை தெரியும், முகம் கீழே பார்க்கும்படிதான் போட்டேன். ஆனால் பின்பக்கச் சட்டம் காலைத் தட்டியது. யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அதிகாரி வந்தார். நாற்காலிகள், மேசைகள், பாத்திரங்கள், சிரிப்பு. மனிதர் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டார்.

"இது எங்க திட்டமா?"

"இல்ல சார், உங்க பள்ளம்" என்றார் ஹாரன்.

அதிகாரி காதில் அது விழவில்லை. பள்ளம் தெரியாமல் படம் எடுத்தார். மாதிரித் தெரு என்று அறிவித்தார். "தலைவரே நேர்ல வந்து வாழ்த்தப் போறார்!"

"எதுல வருவாரு?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"கார்லதான்."

"அப்ப பள்ளம்?"

"அதெல்லாம் மூடிருவோம்மா, கவலப்படாதீங்க."

மறுநாள் காலையிலேயே ஒப்பந்தக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். "இன்னிக்கே மூடு!"

"குழாய் வந்துருச்சா?"

"பில்லுல வந்துருச்சு. மண்ணுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?"

மண்ணைத் தள்ள ஆரம்பித்ததும் தையல்காரம்மா நாற்காலியைக் கொண்டுவந்து பள்ளத்தோரமே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மூடாதீங்கண்ணே."

"மூடலேன்னா எங்க வீட்ல பூட்டுப் போட்ருவாங்கம்மா."

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே இருந்தேன். பலகையைக் கழுவி ஓரமாக நட்டேன். எவ்வளவு தேய்த்தும் தலைவரின் மூக்கு திரும்பி வரவில்லை.

தலைவர் வந்தார். அவர் காருக்குப் பின்னால், வழி திறந்துவிட்டது என்று தெருக்காரர்களின் கார்களும் வரிசையாக உள்ளே வந்தன. இரண்டு பக்கமும் பழையபடி அடைத்துக்கொண்டன. நாற்காலி போட இடம் இல்லை. ஜனங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தலைவர் காரை விட்டு இறங்கி, "இந்த ஒற்றுமை நம் திட்டத்தின் வெற்றி" என்று தொடங்கினார். எதிரே நகராட்சி ஊழியர்கள் மட்டும் நின்றார்கள். அவர் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட விற்பனை மேலாளர் நீளமாக ஹாரன் அடித்தார். வாத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ, ஊழியர்கள் கைதட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு ஒப்பந்தக்காரர் தன் காரை நடுத்தெருவில் நிறுத்திப் பணத்தை நீட்டினார். மூவாயிரத்து முன்னூற்று அறுபது.

"தொள்ளாயிரம் குறையுதே?"

"பலகைக்குப் புடிச்சிருக்கேன். தலைவரு மூஞ்சிய மிதிச்சதுக்குக் கேஸே போட்ருப்பாங்க, நான் பேசித் தடுத்தேன்."

"நானா மிதிச்சேன்? தெருவே மிதிச்சுது."

"போட்டவன் நீதானே! வேணும்னா தெருகிட்ட போய் வசூல் பண்ணிக்க."

தெருவைப் பார்த்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தையல்காரம்மாவின் ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

"மறுபடி எப்பண்ணே தோண்டுவீங்க?"

"குழாய் வந்தாம்மா."

"வராட்டியும் தோண்டுங்க."

"சரிய்யா, கணக்கு தீந்துச்சுன்னு கைநாட்டு வை" என்றார் ஒப்பந்தக்காரர்.

"கையெழுத்தே போடுவேன்."

கார் கூரை மேல் தாளை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். வெளியே போக வழி கிடைக்காமல் பின்னால் ஹாரன் அலறினார். அந்தச் சத்தத்தில் கடைசி எழுத்து கோணிக்கொண்டது. வேறு தாள் கேட்டேன்.

"கோணினாலும் செல்லும், விடு" என்று தாளைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.