கத்தரியுடன் மூன்று நிமிடம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே மேஜை, அதே சாணை இயந்திரம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், எதையும் ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்த பிறகே செய்வாள். அந்தக் குணம் லென்ஸுக்கு நல்லது. மூன்று நிமிடச் சதுரங்கத்துக்கு அது ஆகவே ஆகாது.

அந்த விளையாட்டை அவளுக்குப் பிடிக்கவைத்தது முன்னறையில் கண் பரிசோதிக்கிற பையன்தான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த ஒரே காரணத்துக்காக எல்லாரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அதற்குள் ராஜாவை மடக்க வேண்டும், அல்லது எதிராளியின் நேரம் தீர வேண்டும். போனில் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் நாலு ஆட்டம் முடித்துவிடலாம். டாக்டரின் ரேட்டிங் ஆயிரத்து ஐநூறு. அவளுடையது எட்டு மாதமாக ஆயிரத்து நூற்று முப்பதிலேயே செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்பாள்.

ஒரு நாள் டாக்டர் அவள் தோற்பதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க காயோட விளையாடுறீங்க. கடிகாரத்தோட விளையாடுங்க" என்றான். கடைசி அரை நிமிடத்தில் நல்ல நகர்வு, கெட்ட நகர்வு என்று எதுவும் கிடையாதாம், வேகமான நகர்வு ஒன்றுதானாம். ஆட்டம் கைவிட்டுப் போனாலும் விலகக் கூடாது. காயைச் சும்மா அங்கேயும் இங்கேயும் தள்ளிக்கொண்டே இருந்தால் எதிராளி யோசித்தே செத்துப்போவான் என்றான். சங்கடமாக இருந்தாலும் செய்து பார்த்தாள். ரேட்டிங் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் கத்தரி வந்து சேர்ந்தது.

போனில் அவள் ஆடிய சதுரங்கத் தளத்தில் அவள் பெயர் லென்ஸ். ஒரு நாள் மதியம் சரியாக ஒரு மணிக்கு, கத்தரி என்ற பெயரில் யாரோ அவளை ஆட்டத்துக்கு அழைத்தார்கள். படம் இல்லை, விவரம் இல்லை. நன்றாக விளையாடுகிற ஆள். குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் ஒரே சமயத்தில் இரண்டு காய்களை மிரட்டும். ஆனால் ஆமை வேகம். சில சமயம் ராணியைப் போக வேண்டிய கட்டத்துக்கு ஒரு கட்டம் முன்னாலேயே போட்டுவிட்டு, சும்மா தூக்கிக் கொடுத்துவிடும். அன்று மூன்று ஆட்டம். மூன்றிலும் கத்தரியின் நேரம் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் "நல்ல ஆட்டம், நன்றி" என்று தமிழில் ஒரு வரி வந்தது.

மறுநாளும் ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. அதற்கு மறுநாளும். டாக்டர் அதற்குக் கத்தரிக்காய் என்று பெயர் வைத்தான். "உங்க கத்தரிக்காய் வந்தாச்சா அக்கா?" என்று தினமும் கேட்பான். கத்தரியிடம் தேற்றிய வேகத்தை மற்றவர்களிடம் காட்டினாள். இரண்டு மாதத்தில் ஆயிரத்து இருநூற்றைத் தாண்டினாள்.

ஒரு நாள் காலையிலேயே எல்லாம் கோணலாகிவிட்டது. ஒரு ஜோடி லென்ஸ் சாணையில் விரிசல் விட்டது, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பேருந்தில் ஆடிய நாலு ஆட்டமும் தோல்வி. மதியம் கத்தரி அவளை ஆட்டிப்படைத்தது. அடுத்த நகர்வில் அவள் ராஜா காலி என்கிற நிலையில், கத்தரியின் ராணி நகரவே இல்லை. நேரம் தீர்ந்தது. நல்ல ஆட்டம், நன்றி என்று வந்தது. தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் என்று தெரிந்ததாலோ என்னவோ, அந்த நன்றி அவளுக்குக் குத்தலாகப் பட்டது. "கையில என்ன விலங்கா போட்டிருக்கு? மெதுவா ஆடுறவங்க எல்லாம் இங்க எதுக்கு வர்றீங்க?" என்று தட்டி அனுப்பினாள். டாக்டரிடம் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும்தான் சிரித்தாள்.

பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் ஒரு மணிக்குக் கத்தரி வந்தது. நன்றி சொல்வது மட்டும் நின்றுபோயிற்று.

அவள் கணவனுக்கு ஒரு அக்கா. துணிக்கடை ஒன்றில் அளவு போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தவள். இவளுக்கு அண்ணி. கல்யாணமான நாள் முதல் இவள் போட்டுக்கொண்ட உடைகளில் பாதி அண்ணி வெட்டியவை. ஆறேழு மாதத்துக்கு முன் அண்ணி ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது தோளில் நரம்பு அறுந்து, கை தொங்கிப்போயிற்று. மருத்துவமனையில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை இவள் போய்ப் பார்த்தாள். இரண்டாவது தடவை, அண்ணி இடது கையால் டம்ளரை நீட்ட, அது சரிந்து இவள் மடியில் கொட்டியது. என்ன சொல்வதென்று தெரியாமல், "பரவாயில்ல அண்ணி" என்று எட்டு தடவை சொன்னாள். அதன் பிறகு போகவில்லை. கணவன் ஞாயிறுதோறும் போவான். இவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாக்கு கிடைத்தது: துணி துவைக்கணும், தலை வலிக்குது, அடுத்த வாரம் கட்டாயம்.

அந்த அடுத்த வாரம் ஒரு வழியாக வந்தது. கணவனோடு கிளம்பிப் போனாள். அண்ணி இளைத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அக்காவும் தம்பியும் சமையலறையில் ஏதோ குழாய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் போனுக்குச் சார்ஜர் வேண்டுமென்று கேட்டதற்கு, உள்ளறை மேஜையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அண்ணி குரல் கொடுத்தாள்.

மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. மவுஸ் இடது பக்கம் இருந்தது. திரையில் சதுரங்கப் பலகை. கீழே கத்தரி என்ற பெயர். அதற்குப் பக்கத்தில் பழைய ஆட்டங்களின் பட்டியல்: லென்ஸ், லென்ஸ், லென்ஸ். எல்லாம் தோல்விக்கான சிவப்பு நிறத்தில் இருந்தன. சுவரில் ஆணியடித்து, துணி வெட்டுகிற பெரிய கத்தரியை மாட்டியிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்தரிக்காய் இல்லை, கத்தரிக்கோல்.

ராணி ஏன் ஒரு கட்டம் முன்னாலேயே விழுந்தது என்பது இப்போது புரிந்தது: பழகாத இடது கை. விலங்கா என்று கேட்டிருந்தாளே. சார்ஜரை எடுக்காமலேயே வெளியே வந்தாள். அண்ணி ஏதேதோ கேட்டாள், இவள் ஏதேதோ சொன்னாள். திரும்பி வரும்போது கணவன், ஏன் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்றதற்குத் தலைவலி என்றாள். இந்தத் தடவை உண்மையாகவே வலித்தது.

அண்ணிக்கு லென்ஸ் யாரென்று தெரியாது என்றுதான் அவள் நினைத்தாள். தெரியாமலே இதைச் சரிக்கட்டிவிடலாம் என்றும் நினைத்தாள். மறுநாள் ஒரு மணிக்குத் தன் ராணியைக் கத்தரி வெட்டும்படி கொண்டுபோய் வைத்தாள். அதற்கடுத்த ஆட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு தன் நேரம் ஓடுவதைப் பார்த்திருந்தாள். அப்படி மூன்று நாள், ஒன்பது தோல்வி. ரேட்டிங் சரிந்தது. டாக்டர் பதறிப்போய் உடம்புக்கு என்ன என்று கேட்டான். ஒவ்வொரு தோல்விக்கும் மனசில் கொஞ்சம் பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் கத்தரியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "ஏன்?"

அதன் பிறகு ஒரு மணிக்கு யாரும் அழைக்கவில்லை. பத்து நாள் போனது. இவளே அழைத்துப் பார்த்தாள். மறுத்துவிட்டதாகத் திரை சொன்னது.

அந்தச் சனிக்கிழமை காலை, கணவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், பொதுவாகக் கேட்பது போல, அண்ணி இன்னமும் செஸ் விளையாடுகிறார்களா என்று கேட்டாள். சின்ன வயதில் தன்னை ஓட ஓட விரட்டியவள், எப்படி விடுவாள் என்றான் அவன். பிறகு பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "உன் பேர் லென்ஸ்னு நான்தானே சொன்னேன். உன்கூட ஆடணும்னு கேட்டா. உங்கிட்ட சொல்லவேணாம்னா, சொன்னா நீ பாவம் பாத்து விட்டுக்குடுத்துடுவியாம். ஆடலியா?" என்றான்.

ஊசி விரலில் ஏறியது. முதல் நாளிலிருந்தே அண்ணிக்குத் தெரியும். அந்த வரியை எழுதியது தன் தம்பி பெண்டாட்டி என்று தெரிந்தேதான் அவள் படித்திருக்கிறாள். தெரிந்தேதான் மறுநாள் ஒரு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கிளம்பினாள். இரண்டு பேருந்து மாற வேண்டும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனாள். அண்ணி கதவைத் திறந்ததும் அத்தனையும் கலைந்துபோயிற்று.

"அது நான்தான் அண்ணி. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டேன்."

"தெரியாத ஆளா இருந்தா எழுதலாமா?" என்று கேட்டாள் அண்ணி. கோபமாகக் கேட்கவில்லை.

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். வெகுநேரம் அண்ணியே பேசினாள். அடிபட்ட பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பார்த்துப் பேசினார்களாம், யாரும் முகத்தைப் பார்க்கவில்லையாம். கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், இடது கையை எதற்காவது பழக்குங்கள் என்றிருக்கிறாள். எழுதினால் அலுத்தது. செஸ் என்றால் அலுக்காது என்று தோன்றியது. இவளுக்கு மதியம் எப்போது சாப்பாட்டு நேரம் என்று தம்பியிடமே கேட்டுக்கொண்டாளாம்.

"நீ இங்க வரலே. சரி, கால் மணி நேரமாவது உன்கூட இருக்கலாம்னு வந்தேன். நீ என்னை நேரத்துல அடிச்சப்போ ஒண்ணும் தோணல. சந்தோஷமாக்கூட இருந்துச்சு, யாரோ ஒருத்தராவது விட்டுக்குடுக்காம ஆடுறாங்களேன்னு. அந்த வரியைப் படிச்சிட்டு அன்னிக்கு அழுதேன். பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒன்பது ஆட்டம் தோத்துக்குடுத்தே பாரு, அதுக்கு நீ இன்னும் நாலு வரி சேர்த்துத் திட்டியிருக்கலாம்."

இவள் அழுதாள். மன்னிச்சிடுங்க என்றாள். அண்ணி இடது கையால் மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"மறந்துட்டேன்னு சொல்லச் சொல்லாதே. மறக்கல. வந்தியே, அதுவரைக்கும் சரி. போனை எடு."

அண்ணி மடிக்கணினி முன்னால், இவள் எதிர் நாற்காலியில் போனோடு. மூன்று நிமிடம் வேண்டாம், பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாமா என்று இவள் கேட்டதற்கு, அண்ணி பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. ஆட்டம் தொடங்கியது. இதுவரை போன் திரையில் ஒரு காய் நகர்வதை மட்டும்தான் இவள் பார்த்திருந்தாள். இப்போது அந்த ஒரு நகர்வுக்கு முன்னால் நடப்பதெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது: அண்ணி உதட்டைக் கடிப்பதும், மணிக்கட்டு நடுங்குவதும், மவுஸ் வழுக்குவதும், வழுக்கியதைப் பிடிக்க வலது தோள் தானாக ஒரு முறை துடித்து அடங்குவதும். அண்ணி ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். நேரம் பதினோரு நொடி. இவளிடம் நாற்பது.

இவள் விரல் திரைக்கு மேல் நின்றது. எதிரிலிருந்து, "ம்ம்" என்று ஒரு அதட்டல் வந்தது.

ஆடினாள். ராஜாவை இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி. பதினோரு நொடியும் தீர்ந்தது. ஜெயித்தவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் காய்களை வெட்டிக் குறைத்திருந்தால் கடைசியில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு இன்னொரு ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்தினாள்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் இவள் அங்கே போனாள். மற்ற நாளில் ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. அண்ணி ஆட்டத்தையே மாற்றிக்கொண்டாள்: ஆரம்பத்தில் யோசிக்காமல் ஓடி, காய்களைச் சடசடவென்று வெட்டி, கடைசி நிமிடத்துக்கு நாலைந்து காய்களோடு வந்து சேர்வாள். வருடம் முடிவதற்குள் மூன்றுக்கு ஒன்று ஜெயித்தாள். நேரத்தை நம்பி அவளை அடிக்க முடியாமல் போனதால் இவளும் உருப்படியாக ஆடக் கற்க வேண்டியதாயிற்று. ஆயிரத்து நானூற்றைத் தொட்ட அன்று டாக்டர் கடைக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். அவனிடம் அதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு அவன், சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடியை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணியும் அவளும் இப்போது எதைப் பற்றியும் பேசுவார்கள். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதை அழிக்க முடியுமா என்று அவள் தளத்தில் தேடிப் பார்த்தாள். ஒருமுறை அனுப்பியதை அங்கே அழிக்க முடியாதாம்.

ஆயிரத்து நானூற்றைத் தொட்ட அந்த நாள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். ஏறியதில் முதல் நூறு, அண்ணியின் நேரம் தீர்ந்து தீர்ந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, அடுத்த லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.