மசக்கைச் சோறும் ஒரு குச்சியும்

பிரகதீஸ்வரியின் இடது கையில், தோலுக்கு அடியில், மெல்லிய குச்சி ஒன்று இருக்கிறது. கருத்தடைக்காக ஆஸ்பத்திரியில் வைத்தது. மூன்று வருடம் தாங்கும். பி.எட். முடித்து வேலைக்குப் போன பிறகுதான் இரண்டாவது பிள்ளை என்று அவளும் புருஷன் மதிவாணனும் பேசி முடிவு செய்திருந்தார்கள். மாமியார் பூவம்மாளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. பேத்தி ஒருத்தி இருந்தும் பேரன் பேரன் என்று தவம் கிடப்பவளிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்ட மதிவாணனுக்கும் தைரியமில்லை.

குச்சி வைத்த ஒரே வருடத்தில் எடை ஆறு கிலோ ஏறிவிட்டது. ரவிக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்வெடுக்கப் பீரோவுக்குள் போயின. சதை கூடினால் கூடட்டும். அவளுக்குப் பயம் சர்க்கரையைப் பற்றித்தான். அவள் அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வந்த வியாதி அது. குச்சி சர்க்கரையையும் ஏற்றிவிட்டால் எடுக்கச் சொல்லிவிடுவார்கள், படிப்பு அம்போதான். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள்.

மாமியாரோ வேறு கணக்குப் போட்டிருந்தாள். வீட்டு விலக்கு நாட்களில் மருமகள் சாமி விளக்கு ஏற்ற மாட்டாள். அந்த வேலை பூவம்மாளிடம் வரும். சில மாதமாக வரவில்லை. இந்தக் குச்சியால் சிலருக்கு விலக்கு நின்றுபோகும் என்று அவள் கண்டாளா?

ஆடிப்பெருக்கன்று காவேரிக்கு மசக்கை என்று கலந்த சோறு படைப்பது வழக்கம். காவேரியின் கிளையான குடமுருட்டிக் கரையில் பூவம்மாள் ஆற்றுக்குப் படைத்ததைவிட மருமகள் இலையில் வைத்ததே அதிகம்.

"போதும் அத்தை."

"சாப்புடுடி. காவேரிக்கும் மசக்கை, உனக்கும் மசக்கை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பிரகதீஸ்வரிக்குப் புளிச்சோறு புரையேறியது. இருமி முடித்ததும் அழுகை வந்தது. குச்சி, எடை, பயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பூவம்மாள் கையை நீட்டி, மருமகள் இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு கேட்க மருமகளோடு பூவம்மாளும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் போகும்போது, குச்சியை எடுக்கச் சொல்லத்தான் வருகிறாள் என்று பிரகதீஸ்வரி பயந்துகொண்டே வந்தாள்.

நர்ஸ் பாத்திமா சிரித்தாள். "சுகர் நார்மல். கொழுப்பும் சரியா இருக்கு. இதுல சிலருக்கு எடை ஏறும். சோத்தைக் கொறைங்க, நல்லா நடங்க. சுகரை அப்பப்ப பாத்துக்குவோம். வேண்டாம்னா இப்பவே எடுத்துடலாம்." பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"சோத்தைக் கொறைக்கிறது என் பொறுப்பு. மத்ததுக்கு என்னை ஏன் கேக்குற?" என்றாள் பூவம்மாள். "நான் அஞ்சு பெத்தேன். ஒண்ணுக்காவது, வேணுமா வேண்டாமான்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. கை அவளுது. அவளைக் கேளு."

பிரகதீஸ்வரி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள்.